நீ வரைந்த குழாயடிப் படம்

அன்புள்ள தம்பி சண்முகத்துக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். கோலாலம்பூரில், அதுவும் நம் பிரிக்ஃபீல்ட்ஸில், மூன்று நாளாக விடாத மழை. உன் கல்யாண காரியங்களை எழுதத்தான் தாளை எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. பந்தல்காரர், மேளக்காரர், யார் யாருக்குப் பத்திரிகை என்பதையெல்லாம் உன் அம்மா தனியாகச் சொல்லி எழுதவைப்பாள். இது வேறு கடிதம். இதை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உட்கார்ந்து படி. நீளமாகத்தான் இருக்கும். சுருக்கமாகச் சொல்லத் துணிந்தவனாக இருந்தால் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணின் அப்பா கிள்ளானிலிருந்து வந்தார். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் என்பது உனக்குத் தெரியும். அதிகம் பேசாத மனிதர். வந்து உட்கார்ந்தவர் காப்பியைத் தொடவில்லை. "அண்ணே, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப, சித்திரப் போட்டியில யாரோ வரைஞ்சதத் தன்னுதுன்னு குடுத்து மாட்டிக்கிட்டாருன்னு இங்க ரெண்டு பேரு சொல்றாங்க. உண்மையா?" என்றார். நான் காப்பித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் விடவில்லை. "நான் காயத்துக்கு மருந்து போடுறவன். உள்ள சீழ் இருந்தா மேல கட்டுப் போட மாட்டேன். பொண்ணக் குடுக்கப் போறேன், மறைக்காம சொல்லுங்க" என்றார். உன் அம்மா அடுப்படிக்குப் போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன், உனக்கே தெரியாத ஒன்றை நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். நடந்ததில் பாதியைத்தான் நீ அறிவாய். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக என்னிடம் அன்பாக இருக்கிறாய்.

என் வேலை என்னவென்று உன் பெண்டாட்டி நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வாய்? ரயில்வேயில் சித்திரம் வரைகிறார் என்பாய். நீ சின்னப் பையனாக இருந்தபோதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாய், நானும் திருத்தவில்லை. நான் ட்ரேசர். இஞ்சினியர் துரை பென்சிலால் வரைந்து தருவார். அதன் மேல் கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய துணியை விரித்து, தெரிகிற கோட்டின் மேல் மையால் கோடு போடுவது என் வேலை. ஒரு மயிரிழை விலகக்கூடாது. துரை தவறாக வரைந்திருந்தாலும் தவறையே அழகாக வரைய வேண்டும். செங்கல் சுவர் வந்தால் சிவப்பு, இரும்பு வந்தால் நீலம், இன்ன பொருளுக்கு இன்ன வர்ணம் என்று முறை இருக்கிறது. படத்தின் தலைப்பில் துரை பெயர் பெரிதாக இருக்கும். கீழ் வலது மூலையில், எறும்பு அளவில், பிரதி எடுத்தவனின் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. தப்பு வந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று தெரிவதற்காக அந்த எழுத்து. பாராட்டுவதற்காக யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை.

உனக்குப் பதினாறு வயதானபோது அந்தப் போட்டி வந்தது. சிலாங்கூரில் உள்ள இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லாம் பொதுவாக ஒரே தலைப்பு: உன் வீட்டு வாசலிலிருந்து தெரிவது. தேர்ந்தெடுத்த படங்களைக் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் ஒரு வாரம் மாட்டி வைப்பார்கள், துரைமார்கள் வந்து பார்ப்பார்கள் என்றாய். முதல் பரிசு வாங்கும் பையனைச் சித்திர வாத்தியார் படிப்புக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார்கள் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாய். ஆசையைச் சத்தம் போட்டுச் சொன்னால் ஓடிவிடும் என்று பயந்தவன் போல இருந்தது. மூன்று வாரம் வாசற்படியில் உட்கார்ந்து வரைந்தாய். நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை, நடுவில் பொதுக்குழாய், தண்ணீருக்கு நிற்கும் பெண்கள், பின்னால் கூட்ஸ் வண்டியின் புகை. எல்லாம் மழைவிட்ட வெளிச்சத்தில். குழாய்க்குப் பக்கத்தில், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு யாருடனோ நியாயம் பேசிக்கொண்டிருந்தாள் உன் அம்மா. முகம் அரைக்கடலை அளவுதான் இருக்கும். ஆனாலும் பார்த்தவுடனே சத்தம் காதில் விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ பள்ளிக்கூடத்துப் பந்தாட்டத்துக்குப் போனாய். படத்தைப் பலகையில் குத்தி, "காயட்டும்ப்பா, யாரும் தொடாம பாத்துக்குங்க. திங்கக்கிழமை குடுக்கணும்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். என்னை நம்பி ஒப்படைத்தாய்.

நான் நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு என் கண் பழகின வேலையைத் தொடங்கியது. குவார்ட்டர்ஸ் தூண்கள் சாய்ந்திருந்தன. கூரை விளிம்பு நேராக ஓடவில்லை. சுவருக்குச் சிவப்பு வர வேண்டிய இடத்தில் நீ ஊதாவும் பழுப்பும் கலந்திருந்தாய். ட்ரேசர் பெற்ற பிள்ளைக்கு ஒரு கோடு நேராக வரவில்லையே, இதை ஊரே பார்க்கப் போகிறதே என்று நினைத்தேன். இதுவரை எழுதியது உனக்குச் சொல்லக் கூச்சமில்லாத பகுதி. அதற்குக் கீழே இன்னொரு எண்ணம் இருந்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவன் கோட்டின் மேல் கோடு போட்டவனுக்கு, ஒரு வாரம் தன் கை வேலை சுவரில் தொங்க ஒரு வழி கிடைத்திருக்கிறது என்ற எண்ணம். மண்டபத்தில் துரைமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதில் உன் பெயர் இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. எவ்வளவு பெருந்தன்மை பார்!

சுவரில் இருந்த முருகன் படத்தின் கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு நாற்காலிக்கு நடுவே அதை வைத்து, கீழே முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலுக்குச் சாய்த்து, வெளிச்சம் மேலே வரும்படி செய்தேன். உன் படத்தை அதன் மேல் வைத்து, புதுத் தாளை அதற்கு மேல் வைத்தேன். தாள் ஆபீஸ் தாள். "சாமி கண்ணாடியக் கழட்டி என்ன பண்றீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். "வேலை இருக்கு, பேசாம இரு" என்றேன். தூண்களை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து நிமிர்த்தினேன். கூரையை ஒரே கோடாக இழுத்தேன். பெண்களைச் சம தூரத்தில் நிறுத்தினேன். செங்கல்லுக்கு ஆபீஸ் சிவப்பு பூசினேன். உன் அம்மா இருந்த இடம் வந்ததும் கை நின்றது. என் பெண்டாட்டியை மண்டபத்தில் மாட்டிவைத்து ஊரான் பார்க்கவா என்று ரோஷம் வந்தது. அங்கே ஒரு குடத்தை வரைந்தேன்.

முடித்ததும் அதை உன் அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவன் படத்துல நான் இருந்தேன்ல? இதுல எங்க?" என்றாள். உன் படத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். மழையில் நனைந்து போனது அல்ல, தம்பி. நீ வந்தபோது நான் சொன்னது பொய். கூரை ஒழுகிப் படம் பாழாகிவிட்டது, அதனால் அவசரமாகப் பார்த்து வேறு தாளில் எடுத்து வைத்தேன் என்றேன். சாயங்காலம் மழை பெய்திருந்ததால் பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது. நீ புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லப்பா, ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க" என்றாய். திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்பதால் அதையே கொண்டுபோய்க் கொடுத்தாய். கொடுத்தது உன் தப்பு என்று நீ இன்றும் நினைத்துக்கொண்டிருந்தால், வேண்டாம். வேறு படம் வரைய உனக்கு நான் நேரம் விட்டு வைக்கவில்லை.

மீதி உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். படம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர் இஞ்சினியர். அந்தச் சிவப்பை அவர் தினமும் பார்க்கிறவர். சந்தேகம் வந்ததும், அவர் கண் தானாகக் கீழ் வலது மூலைக்குப் போயிருக்கிறது. அங்கே எறும்பு அளவில் என் இரண்டு எழுத்து! சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் போட்டது எனக்கு நினைவே இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்தில், கடைசிக் கோடு முடிந்ததும் கை தானாகப் போய்ப் போட்டிருக்கிறது.

அவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதினார், என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரிய வாத்தியார் அறையில் நாம் இருவரும் நின்றோம். உங்கள் சித்திர வாத்தியார், அந்தச் சீனர், ஜன்னல் பக்கம் தலையைக் குனிந்து நின்றார். வெள்ளைக்காரப் பெரிய வாத்தியார் படத்தின் மூலையில் விரலை வைத்து, இது யாருடைய எழுத்து என்று இங்கிலீஷில் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் மேஜை மேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்தேன். அது ரயில்வேயில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம். வேலை போனவர்கள் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நம் வரிசையிலேயே மூன்று வீடு காலி. ஆபீஸ் தாள், ஆபீஸ் மை, என் கை என்று தெரிந்தால் அடுத்த பெயர் என்னுடையது என்று உனக்கும் தெரியும். நீ சொன்னாய்: "என்னுடையதுதான் சார். ஒரு பழைய படத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தேன். அதில் இருந்த எழுத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன்." அவர் என் பக்கம் திரும்பி, இது உமக்குத் தெரியுமா என்றார்.

தெரியாது ஐயா என்றேன்.

ஆட்குறைப்புக்குப் பயந்து சொன்னேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அந்தப் பயம் உண்மை. ஆனால் அந்தப் பயம் இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருந்தால், ஏன் செய்தீர் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். பிள்ளையின் படத்தில் நான் தொங்க ஆசைப்பட்டேன் என்று ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால், அதைவிட உனக்கு முன்னால், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையைவிட மானம் பெரிதாக இருந்தது. உன் மானத்தைக் கொடுத்து என் மானத்தை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் கூடியதும் எல்லார் முன்னிலையிலும் உன் பெயரை வாசித்தார்கள். நீ வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சோறு சாப்பிட்டாய். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ எழுந்து போன பிறகு உன் அம்மா என் தட்டை எடுத்துக்கொண்டே, "பதினாறு வயசுப் புள்ள பொய் சொல்லி நம்மள உக்கார வச்சுச் சோறு போடுறான். நல்லா சாப்பிடுங்க" என்றாள். அதற்குப் பிறகு இந்த எட்டு வருஷத்தில் அவள் அதைப் பற்றி ஒரு பேச்சு எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முருகன் படத்துக்கு அந்தக் கண்ணாடியை நான்தான் திரும்ப மாட்டினேன். நாலு ஆணியில் ஒன்று கோணல்.

இன்னொன்றையும் சொல்கிறேன். அந்த வாரம் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, வாசலில் நீ உட்கார்ந்து வரைந்த அதே படியில் செருப்பு மாட்ட உட்கார்ந்தேன். தலை நிமிர்ந்து பார்த்தால், எதிர்வரிசையில் தூண்கள் சாய்ந்திருந்தன. உண்மையாகவே சாய்ந்திருந்தன. அடியில் மண் இறங்கி, கூரை நடுவில் தொங்கி, ஈரச் சுவர் ஊதாவும் பழுப்புமாக இருந்தது. பதினொரு வருஷமாக அந்த வாசலில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். நான் பார்க்கவே இல்லை. நீ பார்த்தாய். உன் படம் தப்பாக இருந்தது என்ற ஒரே ஆறுதலையும் அன்றைக்கு அந்தத் தூண்கள் பிடுங்கிக்கொண்டன. ஆபீஸுக்கு அன்று நேரம் கழித்துத்தான் போனேன்.

நீ அதற்குப் பிறகு பிரஷ்ஷைத் தொடவில்லை. சர்டிபிகேட்டில் நடத்தை என்ற இடத்தில் அவர்கள் எழுதியிருந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கினாய் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் ஈப்போவில் இந்தக் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, "நமக்கு இது போதும்ப்பா" என்றாய். அந்தப் 'போதும்' எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளை மறந்துவிட்டான், எல்லாம் சரியாகிவிட்டது என்று வசதியாக நம்பிக்கொண்டேன்.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். ஆனாலும் பட்டவன் சொல்கிறேன். உன் பெண்டாட்டி கோலம் போட்டால், சட்டை தைத்தால், கடிதம் எழுதினால், கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று கையை நீட்டாதே. அவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்று முதலில் கேள். நாளைக்குப் பிள்ளை பிறந்து எதையாவது கொண்டுவந்து காட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார். பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையோடு நாம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்காதே, நான் அப்படித்தான் இருந்தேன்.

இப்போது டிரஸ்ஸருக்கு வருகிறேன். அவர் கேட்டதும் முதலில் என் வாயில் வந்தது பழைய வார்த்தைதான். 'எனக்குத் தெரியாது' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவோரம் உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நீ அந்தப் படத்தில் வைத்திருந்தபடியே நின்றாள். அந்த உருவத்தை நான் இரண்டாம் முறை அழிக்க முடியாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றியதிலிருந்து மைக்கூட்டைப் பார்த்தது வரை. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

கடைசியில் எழுந்தார். "பையன் விஷயத்துல எனக்குச் சந்தேகமில்ல. பொண்ணக் குடுக்கறேன். ஒங்களத்தான் சம்பந்தின்னு எப்படிக் கூப்பிடறதுன்னு யோசிக்கணும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "எங்கிட்ட மட்டும் சொல்லி என்னாகும், அண்ணே? பேசுறவங்க பிரிக்ஃபீல்ட்ஸ்லதானே இருக்காங்க? எம் பொண்ணு இந்த வீட்டுக்குத்தானே வரப் போறா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியோடு நான்கு நாள் இருந்தேன். நம் ஆட்கள் கூடும் வாசகசாலையில் ஒரு பலகை இருப்பது உனக்குத் தெரியும். பிறப்பு, இறப்பு, கல்யாணம், கூட்டம் எல்லாம் அதில்தான் ஒட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் அதன் முன் நிற்பார்கள். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று என் மேஜையில் இருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை திருத்தாமல் எடுத்திருக்கிறேன். அதை அந்தப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது என் எண்ணம். ஆபீஸுக்கும் செய்தி போகும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அவர்கள் என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் அம்மாவிடம் சொன்னேன். "ஒட்டுங்க. ஆனா அவனக் கேட்டுட்டு ஒட்டுங்க" என்றாள். அவள் சொன்னது சரி. பெயர் உன்னுடையது, பொய் நீ எனக்காகச் சொன்னது. உன்னைக் கேட்காமல் ஒருமுறை எடுத்தது போதும்.

ஆகவே கேட்கிறேன். ஒட்டலாம் அல்லது வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் கோபம் வரும், வர வேண்டும். ஆனால் அது தணிவதற்குள்ளேயே உனக்கு என் வயது, என் வேலை, கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் நான் எப்படி நிற்பேன் என்பதெல்லாம் ஞாபகம் வந்துவிடும். 'போனது போகட்டும், வேண்டாம் அப்பா' என்று எழுதப் பேனாவைத் திறப்பாய். அந்தப் பதில் வர வேண்டும் என்று எனக்குள்ளும் ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான். அவனை நீ நம்பாதே. பெரிய வாத்தியார் கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாய். இந்த முறை நான் அங்கே இல்லை. உன்னை மட்டும் நினைத்து எழுது.

என்னைக் காப்பாற்றாதே, தம்பி.

உன் அப்பா